அந்தப் படத்துக்குக் கீழே அந்த வரி வேண்டாமே

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில், கேன்வாஸில் மைக்கறைகளை வைத்தே ஓவியம் செய்யும் ஒருவரைப் பற்றிய கட்டுரை படித்தேன். அரூப ஓவியத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம், முதலில் அதற்கு நன்றி. ஆனால் படத்துக்குக் கீழே 'சிறகு விரிக்கும் பறவை' என்று போட்டிருந்தீர்கள். தன் படங்களுக்குத் தலைப்பே வைப்பதில்லை என்று அந்த ஓவியர் கட்டுரையிலேயே சொல்கிறார், அப்புறம் இந்தப் பறவை எங்கிருந்து வந்தது? அதைப் படித்த பிறகு எவ்வளவு நேரம் பார்த்தாலும் எனக்குப் பறவையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

அந்த வரியைக் கையால் மறைத்துக்கொண்டு மகளிடம் படத்தை மட்டும் காட்டினேன். 'ரெண்டு பேர் முதுகோட முதுகு சாஞ்சு உட்கார்ந்திருக்காங்க' என்றாள். பிறகு அவளாகவே பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் பல வருடமாக மையோடு மல்லுக்கட்டுகிறவள் என்பதால்தான் இவ்வளவு வருத்தம். ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசிய கேன்வாஸில் மை மேலேயே குளம் கட்டி நிற்கும், சாய்த்தால் ஓடும். பூசாத பருத்தித் துணியாக இருந்தால் உடனே உள்ளே இறங்கிவிடும். அதையே ஸ்பாஞ்சால் லேசாக நனைத்துவிட்டு ஒரு சொட்டு விட்டால் ஓரமெல்லாம் முடி முடியாகப் பிரிந்து, நூலைப் பிடித்துக்கொண்டே நகர்ந்து, எங்கே நிற்கும் என்று நமக்கே தெரியாது. ஈரத்தில் கன்னங்கரேல் என்று இருந்தது மறுநாள் காலையில் சாம்பலாக வெளுத்திருக்கும். அரக்கு கலந்த இந்தியன் இங்க் என்றால் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டாலும் அசையாது, திருத்தவும் முடியாது. பத்து துணி நனைத்தால் ஒன்றிரண்டுதான் தேறும், மற்றதைச் சுருட்டி வைத்துவிட வேண்டியதுதான். 'மையைக் கொட்டினால் ஓவியமா' என்று கேட்பவர்கள் அந்தச் சுருட்டி வைத்த துணிகளைப் பார்த்ததில்லை.

மைக்கறை என்றதும் பலருக்கு நினைவுக்கு வரும் ரோர்ஷாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள், மைக்கறை அட்டைகளைக் காட்டி மனதை ஆராய்ந்த சுவிஸ் மனநல மருத்துவர். ஓவிய ஆசிரியரின் மகன், பள்ளியில் அவருக்குப் பட்டப்பெயரே மைக்கறை என்ற பொருளில் 'கிளெக்ஸ்'. 1921இல் அவர் வெளியிட்ட 10 அட்டைகளில் ஐந்து கருப்பும் சாம்பலும், இரண்டில் சிவப்பும் சேரும், மூன்று பலவண்ணம். ஒன்றிலும் பெயர் கிடையாது. அட்டையைக் கையில் கொடுத்து, இது என்னவாக இருக்கலாம் என்று மட்டும்தான் கேட்பார்கள், திருப்பிப் பார்க்கவும் தடை இல்லை. அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1984இல் பெரிய கேன்வாஸ்களில் ஒரு பக்கம் பெயின்ட் பூசி மடித்து எடுத்த படங்களுக்கும் வெறும் 'ரோர்ஷாக்' என்றுதான் பெயர். இன்ன உருவம் என்று அவரும் சொல்லவில்லை.

வாசகருக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற நல்லெண்ணத்தில்தான் அந்த வரியை எழுதியிருப்பீர்கள், சரி. அந்த இடத்தில் படத்தின் அளவு, என்ன மை, ஜெஸ்ஸோ பூசிய துணியா பூசாததா, எந்தப் பக்கம் மேல் என்று போடுங்கள். இவ்வளவு தெரிந்தாலே நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

முடிந்தால் அதே படத்தை அந்த வரி இல்லாமல் இன்னொரு முறை போடுங்கள், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகி