உளுந்துக்கு ஒரு மில் வேண்டும்

கொருக்குப்பேட்டை

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. பெரியவள் பன்னிரண்டாவது பாஸ். கேரம்போர்டு அண்ணன் உன்னை விசாரித்தார், அந்த ஐம்பது ரூபாயையும் சேர்த்துத்தான். பொங்கலுக்கு அப்புறம் உன்னிடமிருந்து ஒரு போன்கூட இல்லை. விருதுநகர் போனதும் வடசென்னைக்காரன் இப்படியா மாறிவிடுவான்? சரி, அதை நேரில் பேசிக்கொள்வோம். இப்போது உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும்.

பொன்னேரிப் பக்கம் என் மச்சினன் நிலம் உனக்குத் தெரியும். மூன்று ஏக்கர். சொர்ணவாரி, அடுத்து சம்பா, சம்பா அறுத்ததும் நவரை என்று மூன்று போகமும் நெல்தான், மாமனார் காலத்திலிருந்தே. இப்போது போர்வெல் தண்ணீர் கரிக்கிறது. வெயில் ஏறினால் வரப்போரம் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. நவரையில் கதிர் பால் பிடிக்கிற சமயத்தில்தான் போரை அதிகம் ஓட்ட வேண்டியிருக்கும். அந்த உப்புத் தண்ணீரில் பாதிக் கதிர் பதராகிவிடும்.

அவன் ஒருவன் இறைத்து வந்த உப்பு இல்லை இது. 1960களின் கடைசியிலிருந்தே மீஞ்சூர், பஞ்செட்டிப் பக்கம் வரிசையாகக் கிணறு போட்டு மணலி ஆலைகளுக்கும் நம் ஊருக்கும் தண்ணீர் எடுத்தார்கள். நிலத்தடி நீர் கீழே போகப் போகக் கடல் உள்ளே ஏறியது. வறட்சி வருடங்களில் விவசாயிகளின் கிணற்று நீரையும் விலைக்கு வாங்கினார்கள். நம் தெருவில் லாரி வந்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவோமே, எவ்வளவு சண்டை! அந்த விவசாயிகளுக்கு நாம் பட்ட கடன் ஒன்று இருக்கிறது சேகர். எனக்கு அது மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

இந்த முறை நவரையில் ஒரு ஏக்கருக்கு நெல் வேண்டாம் என்று பேசிப் பேசி ஒத்துக்கொள்ள வைத்தேன். சம்பாவுக்கு டி.கே.எம். 13 என்கிற நெல் ரகம் நட்டிருந்தான். அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால் வயல் மண் மெழுகு மாதிரி ஈரப்பதத்தில் இருந்தபோது, நிற்கிற நெல்லுக்குள்ளேயே பத்து கிலோ உளுந்தை வீசினான். உளுந்து உப்பைத் தாங்காது, உண்மைதான். ஆனால் சம்பா விட்டுப்போன ஈரத்திலும் பனியிலுமே அது வளர்ந்துவிடும், போரைத் தொடவே வேண்டாம். பூக்கும்போது ஒருமுறை, பதினைந்து நாள் கழித்து ஒருமுறை டிஏபி உரக் கரைசல் அடித்தான். நாலு கிலோவை முதல் நாளே ஊறவைத்து, தெளிந்ததை வடிகட்டி 200 லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அறுவடை வண்டியின் பெல்ட் ஏறிய தடத்தில் மட்டும் பயிர் நசுங்கி, வயல் நெடுக இரண்டிரண்டு கோடாகச் சொட்டை. மற்ற இடமெல்லாம் முழங்கால் உயரம். செடியைப் பிடுங்கிக் காட்டினான், வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்தது. அடுத்த பயிருக்குத் தழைச்சத்து அதிலேயே கொஞ்சம் சேர்ந்துவிடும்.

எழுபத்தைந்து நாளில் இரண்டரை குவிண்டால் வந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை!

விற்கப் போனபோதுதான் வயிறு எரிந்தது. 2025-26க்கு அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு நெல்லுக்கு 2369, உளுந்துக்கு 7800. பேப்பரில் படித்தால் யாரும் உளுந்துக்குத்தான் ஓடுவார்கள். ஆனால் நெல்லுக்குப் பக்கத்திலேயே நேரடிக் கொள்முதல் நிலையம் இருக்கிறது, செங்குன்றத்தில் தெருவுக்குத் தெரு மில் இருக்கிறது, கடைசியில் ரேஷன் கடையும் இருக்கிறது. வயலிலிருந்து தட்டு வரை போட்டு வைத்த தார்ரோடு மாதிரி. உளுந்துக்கு ஒற்றையடிப் பாதைகூட இல்லை. வாங்க வந்த ஒரு வியாபாரி ஈரம் என்றார், கல் என்றார், கடைசியில் 6000க்குக் கேட்டார். மச்சினன் ஒன்றும் பேசவில்லை, மூட்டையைத் திரும்பக் கட்டிவிட்டான். இதே அனுபவம் இன்னொரு தடவை நடந்தால் அவன் நெல்லுக்கே போய்விடுவான், அவனை நான் குறை சொல்ல மாட்டேன். மாற்றுப் பயிர் போடு, மண்ணைக் காப்பாற்று என்று மேடையில் பேசுகிறவர்களிடம் எனக்குக் கேட்கத் தோன்றுவது ஒன்றுதான்: விளைந்ததை யார் வாங்குவது?

நாமே வாங்கலாம் என்று இறங்கினேன். கேட் பக்கத்து இட்லிக்கடை அக்காவுக்கு ஐந்து கிலோ கொடுத்தேன். "மாவு நல்லாப் பொங்குது தம்பி, ஆனா தோலை ஊறவெச்சுக் கழுவ ஆளுக்கு எங்க போறது? வெள்ளையா குடு, தினமும் எடுத்துக்கிறேன்" என்றார். நம் ஏரியாவில் எத்தனை இட்லிக்கடை என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். கேட்ட இடத்திலெல்லாம் இதே பதில். செங்குன்றம் மில்களில் இரண்டு மூட்டை உளுந்தை யாரும் தொட மாட்டார்கள்.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். இத்தனை வருடம் பருப்பு மில்லில் ஃபிட்டராக இருக்கிறாய். தோல் நீக்குகிற சின்ன மிஷின், பழையது ஏதாவது அங்கே விலைக்கு வருமா? வீட்டுக்கு வருகிற சிங்கிள் பேஸ் கரண்டில் ஓடுமா? எண்ணெய் தடவிக் காயவைத்து ஓட்ட வேண்டும் என்று ஒருமுறை சொன்னாய், அதை விவரமாக எழுது. நூறு கிலோ போட்டால் சேதாரம் எவ்வளவு போகும் என்பதும் எனக்கு முக்கியம். அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் மிஷின் இருந்தால் நாங்களும் போடுகிறோம் என்கிறார்கள்.

மச்சினன் இப்போது ஒரு ஏக்கரில் சொர்ணவாரி நடாமல் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்திருக்கிறான். பூக்கிற நேரத்தில் மடக்கி உழுதுவிட்டுச் சம்பாவுக்குப் போவான். வீட்டோரம் அஞ்சு சென்டில் அத்தை சிறுகீரையும் தண்டுக்கீரையும் போட்டிருக்கிறார். கும்மிடிப்பூண்டி வண்டியில் காலையில் கட்டு வந்து இறங்கினால் எட்டு மணிக்குள் நம் தெருவிலேயே தீர்ந்துவிடுகிறது. அந்தக் காசு அத்தை கையிலேயே இருக்கிறது, அதில் அவருக்கு ஒரு தெம்பு.

மிஷின் விவரம் ஆடிக்குள் தெரிந்தால்தான் அடுத்த நவரைக்கு எத்தனை ஏக்கர் என்று அவர்கள் முடிவு செய்ய முடியும். போனில் சொன்னால் நான் பாதியை மறந்துவிடுவேன் என்று உனக்கே தெரியும், எழுதியே அனுப்பு. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி