ஜெர்மன் அட்டையும் நெதர்லாந்து வேலையும்

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. தனியாகத் தொழில் தொடங்கிய சூட்டோடு நெதர்லாந்திலிருந்தும் வேலை தேடி வருகிறது என்பதில் சந்தோஷம். ஆனால் ரயில் டிக்கெட் போடுமுன் இதைப் படி.

ஜெர்மன் குடியிருப்புச் சட்டம் 21-ஆம் பிரிவில் உனக்குக் கிடைத்த குடியிருப்பு அனுமதி அட்டை ஜெர்மனிக்குள் தொழில் செய்ய மட்டுமே. தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் இருக்கலாம், சரி. அது தங்கும் உரிமை. அங்கே போய் வேலை செய்து காசு வாங்கலாமா என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம்தான் சொல்லும். "நண்பன் இதே மாதிரி அட்டையோடு அங்கே போய் வேலை செய்தானே" என்கிறாய். அவன் கம்பெனி ஊழியன். முறையாக வேலைக்கு வைத்திருக்கும் வெளிநாட்டவரை ஒரு ஐரோப்பியக் கம்பெனி பக்கத்து நாட்டுக்கு அனுப்பினால் தனி வேலை அனுமதி கேட்கக்கூடாது என்று 1994-இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வாண்டர் எல்ஸ்ட் வழக்கில் தீர்ப்பானது. அந்தச் சலுகை கம்பெனியின் உரிமையிலிருந்து வருவது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு தனக்குத்தானே முதலாளியாக இருப்பவனுக்கு அது எட்டாது. அநியாயம்தான், என்ன செய்ய!

ஏ1 சான்றிதழை நம்பிப் போகிறவர்களும் உண்டு. நீ ஜெர்மன் சமூகக் காப்பீட்டில் இருக்கிறாய், இரண்டு இடத்தில் கட்ட வேண்டாம் என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. ஒரு பயணத்துக்கு அதிகபட்சம் 24 மாதம். வேலை அனுமதி ஆகாது. அனுமதி கிடைத்துப் போகும்போது இதுவும் வேண்டும்: அரசு மருத்துவக் காப்பீட்டில் இருந்தால் அவர்களிடமே விண்ணப்பி.

இப்போதைக்கு எளிய வழி, ஜெர்மனியில் உட்கார்ந்தே வேலையை முடித்து அனுப்புவது. அதற்கு டச்சு அனுமதி எதுவும் தேவையில்லை. வாடிக்கையாளரின் வாட் (மதிப்புக் கூட்டு வரி) எண்ணை ஐரோப்பிய ஒன்றியத்தின் 'வீஸ்' இணையதளத்தில் சரிபார்த்து, வரி சேர்க்காமல் பில் போடு. வரிப்பொறுப்பு வாங்குபவருடையது என்று பில்லிலேயே எழுது. மற்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு இப்படிப் போட்ட பில்களை வரித் துறைக்குத் தெரிவிக்கும் தொகுப்பு அறிக்கையில் காட்ட மறந்துவிடாதே, பலர் கோட்டை விடுவது அங்கேதான்.

ஐந்து வருடம் ஆனதும் நிரந்தர அட்டை வாங்கும்போது பெயரைக் கவனி. 9-ஆம் பிரிவு அட்டை ஜெர்மனியோடு சரி. 9அ பிரிவின் 'டவர்ஆஃபென்ட்ஹால்ட் ஈயூ' என்ற ஐரோப்பிய ஒன்றிய நீண்டகாலக் குடியிருப்பு அட்டை இருந்தால்தான் டென்மார்க், அயர்லாந்து தவிர்த்த மற்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்து தொழில் செய்ய விண்ணப்பிக்கலாம். போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மனு போட வேண்டும்.

ஒப்பந்தத்தில் "நேரில் வந்து" என்ற வாசகம் இருந்தால் கையெழுத்துப் போடாமல் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
செல்வம்