கடலில் கோடு போடும் முன் கரையோடு பேசுங்கள்

ஒன்றிய புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்துக்கும், தமிழ்நாடு அரசின் எரிசக்தி, மீன்வளத் துறைகளுக்கும்,

வணக்கம்.

மன்னார் வளைகுடாவில் காற்றாலை வர வேண்டும் என்று விரும்புகிறவன் நான். நிலக்கரிச் சாம்பலைப் பார்த்தே வளர்ந்த தூத்துக்குடிக் கரைக்காரனுக்கு அந்த ஆசை இருக்காதா? ஆனால் இப்போது போகிற போக்கில் போனால், வர வேண்டிய திட்டமே போராட்டத்தில் மாட்டிக்கொள்ளும் என்று பயமாக இருக்கிறது.

2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை ரூ.7,453 கோடி கடல் காற்றாலைத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. குஜராத் கடலில் 500 மெகாவாட், நம் கடலில் 500 மெகாவாட். அதே ஆண்டு பிப்ரவரியில், தமிழகக் கடலில் 4,000 மெகாவாட்டுக்குக் கடல்தளக் குத்தகை டெண்டர் வந்தது, பிறகு ரத்தானது. சரி, அடுத்த டெண்டருக்கு முன் கிடைத்திருக்கும் இந்த நேரத்தைக் கரை ஊர்களில் செலவிடுங்கள்.

எல்லாம் முடிவான பிறகு கல்யாண மண்டபத்தில் ஒரு நாள் கூட்டம் போட்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினால் போதாது. எல்லைகள் இன்னும் பென்சில் கோடாக இருக்கும்போதே வரைபடத்தை மீன் ஏலக்கூடத்துக்குக் கொண்டுவாருங்கள். தமிழில் இருக்கட்டும். ஆழத்தை, மீனவர்கள் கை விரித்து அளக்கும் பாகக் கணக்கிலும் போடுங்கள். எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) சங்கு குளிக்கிறார்கள், எந்தக் காற்றுக்கு வலை எந்தப் பக்கம் போகும் என்று வள்ளக்காரர்களே குறித்துத் தருவார்கள்.

வழிவலையை எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டில் விரித்துவிட்டால் நீரோட்டம் இழுக்கிற பக்கமெல்லாம் அது போகும், வள்ளமும் கூடவே போகும். இரண்டு காற்றாலைகளுக்கு நடுவே படகு நுழைய இடமிருக்கிறது என்பது வலைக்காரருக்குப் பதிலாகாது. வலை தூணில் சிக்கினால் என்ன செய்வது, அறுந்தால் யார் பொறுப்பு? கடலடி கேபிளை எவ்வளவு ஆழத்தில் புதைப்பீர்கள்? கடலடியில் மடி வலை இழுக்கும் விசைப்படகுக்காரர் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

அப்புறம், தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். கடல் காலியாக இருக்கிறதே என்று காற்றாலைக்குத் தூண் அடிக்கும் வேலையை அப்போது வைத்துவிடாதீர்கள். மீன் இனப்பெருக்கத்துக்காகத்தான் அத்தனை குடும்பங்கள் அந்த நாட்களில் வருமானத்தை விடுகின்றன. அந்நேரத்தில் கடலுக்குள் இடி போல் சத்தம் எழுப்பினால் அந்தத் தியாகத்துக்கு என்ன அர்த்தம்?

இழப்பீட்டைப் படகின் பதிவுச் சான்றிதழை மட்டும் பார்த்துக் கொடுக்காதீர்கள். பங்குக்குக் கடலுக்குப் போகிறவர் பெயர் அதில் இருக்காது. கூடையில் மீன் விற்கும் பெண்ணின் பெயரும் இருக்காது.

டென்மார்க்கின் கோபன்ஹேகன் அருகே 2000-இல் மிடில்குருண்டன் காற்றாலை வந்தது. முதலில் மூன்று வரிசைகளில் 27 காற்றாலைகள் என்றுதான் திட்டம். மக்கள் ஆட்சேபித்தார்கள், 20 காற்றாலைகள், ஒரே வளைந்த வரிசை என்று மாற்றினார்கள். அதில் பாதி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட ஒரு கூட்டுறவின் சொத்து. நம் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் ஒரு பங்கு கொடுக்க முடியாதா?

மீனவர்கள் குறித்துத் தரும் வரைபடம், தடைக்காலத்தில் தூண் அடிக்கக் கூடாது என்ற நிபந்தனை, பங்குத் தொழிலாளிக்கும் மீன் விற்கும் பெண்களுக்கும் இழப்பீடு, கூட்டுறவுக்குப் பங்கு: இந்த நான்கையும் அடுத்த டெண்டர் ஆவணத்திலேயே எழுதி வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தூத்துக்குடிக் கரையிலிருந்து ஒருவன்