ஒரு பேணியும் அடிமட்டமும்

கல்லடி, மட்டக்களப்பு
2025 மார்கழி 27

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் கிடைத்து ஒன்பது நாள். பதில் எழுத உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் முதல் பந்தியோடு எழும்பிவிட்டேன். போனில் கதைத்தால் நீ அழுவாய், அதைக் கேட்டு நான் அழுவேன், பற்றரி முடிந்துவிடும். அதனால்தான் பழையபடி பேனை.

டித்வாப் புயல் மழை உங்கட மலையைச் சரித்த பிறகும் நீயும் அவரும் மாமியும் உயிரோடு இருக்கிறீர்கள் என்று வாசித்ததும் கடிதத்தை மடித்துச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்தேன். கீழ் லயத்தில் மண் மூடிப்போன வீடுகளைப் பற்றி நீ எழுதிய பக்கத்தை இரண்டாம் தரம் வாசிக்கவில்லை. ஆனால் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாயே, அது என்னை விடவில்லை. "பீலித் தண்ணி கலங்கி வருது, இன்னைக்கு இங்க படுக்க வேணாம்னு மாமி பிடிவாதமா ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. எழுதப் படிக்கத் தெரியாத அவுங்களுக்குத் தெரிஞ்சது, டீச்சரான எனக்கு ஏன் தெரியல? அடுத்த தடவை எப்படித் தெரியும்?"

மாமி கண்டது சரியான அறிகுறி. மலைச்சரிவில் கீழே பாறை, மேலே மண். அந்த மண்ணின் பருக்கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் சரிவில் நிற்கின்றன. கடற்கரையில் பிள்ளைகள் மணல்வீடு கட்டுவதைப் பார்த்திருப்பாய். கொஞ்சம் ஈரம் மணலை ஒட்டவைக்கும். ஈரம் கூடினால் அதே தண்ணீர் மணலைக் கரைத்து இறக்கிவிடும். மலையிலும் அதேதான். இடைவெளிகள் எல்லாம் நிரம்பியதும் தண்ணீர் உள்ளிருந்து பருக்கைகளைத் தள்ளத் தொடங்கும், பிடி விட்டுப்போகும். மண்ணின் பாரமும் கூடியிருக்கும். மலை ஊற்றிலிருந்து தெளிந்து வந்த பீலி திடீரென்று கலங்கினால், உள்ளே தண்ணீர் புது வழி வெட்டி மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஓடிக்கொண்டிருந்த ஊற்று திடீரென்று நின்றாலும் ஆபத்துத்தான். கதவு நிலையில் இறுகுவது, சுவரில் புது வெடிப்பு, மரம் சாய்வது எல்லாம் அதே கதையின் வேறு வேறு வரிகள். 2014 ஐப்பசி 29 காலை மீரியபெத்தைத் தோட்டத்தில் இறங்கியதும் இப்படி ஊறிப்போன மண்தான்.

இன்னொன்றும் எழுதியிருந்தாய், சுவரில் காதை வைத்தபோது உறுமல் கேட்டது என்று. அதை வாசித்ததும் எனக்கு என்ன நினைவு வந்தது தெரியுமா? பயிற்சிக் கலாசாலை விடுமுறையில் நீ இங்கே வந்து நின்றாயே, பாடும் மீன் கேட்கப் போன அந்தப் பௌர்ணமி இரவு. கல்லடிப் பாலத்துக்குக் கீழே தோணியை நிற்பாட்டி, "துடுப்பத் தண்ணிக்குள்ள வெச்சு மத்தப் பக்கத்தில காதக் குடு புள்ள" என்றார் தோணிக்காரர். நீ காதை வைத்துவிட்டு, "ஆமா, வீணை மாதிரி இருக்கு" என்றாய். எனக்குத் தெரியும், உனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மரியாதைக்குச் சொன்னாய்.

ஆனால் துடுப்பு விசயம் பொய்யில்லை. தண்ணீருக்குள் பிறக்கும் ஒலியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நேரே காற்றுக்குள் ஏறும், மிச்சம் எல்லாம் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். மரக்கட்டை அதைவிட நன்றாகக் கடத்தும். 1848இல் இங்கே வந்த எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரியும் தோணிப் பலகையில் காதை வைத்துத்தான் பெரிதாகக் கேட்டாராம். அவரிடம் மீனவர்கள் மீன் என்று சொல்லவில்லை, ஊரி (சிறு சங்கு) என்றிருக்கிறார்கள், "ஊரி குளறுது" என்று. குளறுவது என்றால் எங்கட பக்கம் வாய்விட்டு அழுவது. பாட்டு என்று பெயர் வைத்தது பிறகு வந்தவர்கள்போல. உன் வீட்டுச் சுவரும் அன்று அந்தத் துடுப்பு மாதிரி வேலை செய்திருக்கலாம். நிலத்துக்குள் நடப்பது காற்றில் வருவதற்கு முதல் கல்லில் வந்துவிடும்.

டித்வா என்ற பெயர் வந்த கதை தெரியுமா? யேமன் நாடு கொடுத்த பெயர். சொகோத்ரா தீவில் உள்ள ஒரு வாவியின் பெயராம். வாவிக்கரையில் இருக்கும் எனக்கு அதைக் கேட்டதும் ஒரு மாதிரி இருந்தது. இங்கேயும் கடல் கொந்தளித்தது, வெள்ளம் வந்தது, வயல் போனது. ஆனால் நான் பயந்துகொண்டிருந்தது வேறொன்றுக்கு. எனக்குச் சூறாவளி என்றால் 78தான். 1978 கார்த்திகை 23. எனக்குப் பதினாலு வயது. அம்மா எங்களைப் பெரிய கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுக் கதவுக்கு அம்மியை முட்டுக் கொடுத்தார். தகரம் பறக்கும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. விடியப் பார்த்தால் தென்னைகள் எல்லாம் தலை வாரிவிட்டமாதிரி ஒரே பக்கம் படுத்துக் கிடக்கின்றன. வீட்டுக்கு மேலே வானம் முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது. அந்தப் புயல் 900க்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அது காற்றின் வேலை.

அதனால் இந்த முறை வானிலை அறிவிப்பில் காற்றின் வேகத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். 78ஐப் போல் இல்லை என்றதும் நிம்மதியாக உனக்குப் போன் எடுத்து, "இது சின்னது, பயப்பிடாத" என்று சொன்னேன். ஞாபகம் இருக்கிறதா? நினைக்க நினைக்கக் கூசுகிறது. காற்றில் சின்னதுதான். ஆனால் அது நடந்த நடை மெதுவானது. கடலிலிருந்து ஈரத்தை இழுத்து இழுத்து, நாட்டின் மேலேயே கிடந்து ஊற்றியது. ஈரக்காற்று உங்கட மலையில் முட்டினால் மேலே ஏறுவதைத் தவிர வழியில்லை. ஏற ஏறக் குளிரும், குளிரக் குளிர மழை கொட்டும். சமதரையில் 100 மில்லிமீற்றர் கொட்டும் முகில் மலையில் அதைவிடக் கூடக் கொட்டும். 600க்கு மேற்பட்ட உயிர் போனது, பெரும்பங்கு மலைநாட்டில். காற்றை அளந்துகொண்டிருந்தவளுக்கு மழை தெரியவில்லை. நானும் டீச்சர்தான்.

அதே மலைதான் எங்களுக்கு ஆனி, ஆடியில் கச்சான் காற்றை அனுப்புகிறது. (நீ முதல் தரம் "கச்சான் வீசுது" என்று கேட்டபோது யாரோ கடலையை எறிகிறார்கள் என்று நினைத்தாயே!) தென்மேற்குப் பருவக்காற்று மறுபக்கச் சரிவில் மழையை எல்லாம் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்கும். இறங்கும்போது காற்று அமுங்கும், ஆயிரம் மீற்றருக்குப் பத்துப் பாகை செல்சியஸ் அளவில் சூடேறும். ஏறும்போது அவ்வளவு குளிர்வதில்லை, ஏனென்றால் ஆவி மழையாகும்போது உள்ளிருந்த சூட்டை விட்டுவிடும். அதனால் ஏறியதைவிடச் சூடாக இறங்குகிறது. ஊவாத் தேயிலைக்கு ஆடி, ஆவணியில் அந்த விசேட வாசம் வருவது இந்த உலர்காற்றால்தான். உனக்கு வாசத்தைக் கொடுத்துவிட்டு எனக்கு உதட்டை வெடிக்க வைக்கிறது. மழைத் தண்ணீரிலும் நாங்கள் நேரடிச் சொந்தமில்லை. உங்கட பதுளை ஓயா மகாவலியில் விழுந்து வெருகல் பக்கம் போய்விடுகிறது. எங்கட வாவிக்கு வருவது முந்தனை ஆறும் மேற்கே உள்ள மற்ற ஆறுகளும்.

நேற்று மார்கழி 26. சுனாமி எடுத்த நாவலடிக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வந்தேன். இருபத்தொரு வருசம். இங்கே கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் பழைய கோபுரத்தைப் பார்த்தாயே, அலையில் சரிந்தது, அதைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு நடப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 2004க்கு முந்திப் பதினைந்து வருசம் நான் புவியியல் படிப்பித்தேன். புவிநடுக்கப் பாடத்தின் கடைசியில் ஒரு வரி வரும்: கடலடியில் புவி நடுங்கினால் பேரலைகள் தோன்றும், யப்பான் கரையை அவை தாக்கும். யப்பான் என்பதைக் கோடிடச் சொல்வேன், பரீட்சைக்கு வரும் என்று. தமிழ் வகுப்பிலோ அதே பிள்ளைகளுக்குக் கடல்கோள் என்ற சொல் படிப்பிக்கப்பட்டது, சங்ககாலத்துக் கதையாக. ஒரே விசயம், இரண்டு பாடம், இரண்டிலும் வேறெங்கோ, வேறெப்போதோ. எங்கட கடலில் எங்கட காலத்தில் என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. கோடிட்ட பிள்ளைகளில் மூன்று பேர் நாவலடி.

அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா. காலை ஏழு மணி ஆகும் தறுவாயில் சுமாத்திராவுக்கு அருகே கடலடி உடைந்தது, 9.1 அளவு. வடக்கே அந்தமான் வரை 1,200 கிலோமீற்றருக்கு மேல் அந்த உடைவு. அங்கிருந்து இங்கே சுமார் 1,600 கிலோமீற்றர். ஆழ்கடலில் அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீற்றர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீற்றர், ஆகாயவிமானம் மாதிரி. ஆனால் உயரம் அங்கே அரை மீற்றரளவுதான், மேலே நிற்கும் கப்பலுக்குத் தெரியாது. கரைக்கு வந்து ஆழம் பத்து மீற்றரானால் வேகம் மணிக்கு 36 ஆகிவிடும். முன்னால் வருவது மெதுவாக, பின்னால் வருவது இன்னும் வேகமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறும். சந்தையில் வாசல் அடைபட்டால் பின்னால் நிற்கும் சனம் முன்னால் உள்ளவர்மேல் ஏறுவதுபோல. இங்கே வந்து சேர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. இரண்டு மணித்தியாலம், சாந்தி. நான் அந்த நேரத்தில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தேன்.

பிறகு எல்லாப் பள்ளிக்கூடச் சுவரிலும் படம் வரைந்தார்கள், "கடல் வற்றினால் ஓடு" என்று. நான் சண்டை பிடித்தேன். அன்று உடைந்த இடத்தில் மேற்குப் பக்கத்துக் கடலடி மேலெழுந்தது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. ஆகவே தாய்லாந்தில் கடல் முதலில் வற்றியது. எங்கட பக்கம் முதலில் வந்ததே உயர்ந்த தண்ணீர். வற்றியது அதற்குப் பிறகு. அப்போது கரையில் துடித்த மீனைப் பொறுக்கப் போனவர்களை அடுத்த அலை எடுத்தது. வற்றும்வரை பார்த்துக்கொண்டு நிற்கலாம் என்று ஒரு பிள்ளை நினைத்துவிட்டால்? சுவரில் இன்னொரு வரி எழுத இடமில்லை என்றார்கள்.

2012 சித்திரை 11ஆம் திகதி இன்னொரு கூத்து. வருசப் பிறப்புக்கு முறுக்குச் சுட்டுக்கொண்டிருக்கிறேன், பின்னேரம் இரண்டு மணி கழிந்திருக்கும். அதே சுமாத்திராப் பக்கம், 8.6. எண்ணெய்ச் சட்டியை இறக்கினேனா இல்லையா என்று தெரியாமல் ஓடினேன், ஒரு காலில் என் செருப்பு, மறுகாலில் அவருடையது. பழைய இரும்புப் பாலம், ஒற்றை வழி. ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் சனமுமாக ஊர்கிறது. நடுப்பாலத்தில் நிற்கும்போதுதான் புத்தி வந்தது. புவி எந்தப் பக்கம் நகர்ந்தது என்று யாராவது சொன்னால் நல்லது. இரவுதான் தெரிந்தது, அது பக்கவாட்டு நகர்வு. கிடாரத்துத் தண்ணீருக்குள் உள்ளங்கையை அடியிலிருந்து மேலே தள்ளினால் தண்ணீர் எழும்பும். பக்கமாக இழுத்தால் சுழிக்கும், எழும்பாது. அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்த வீட்டுக்காரி, "வீணா ஓடினம் டீச்சர்" என்றாள். வீணில்லை, மறுகாவும் ஓடத்தான் வேணும் என்றேன். எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பார்த்துவிட்டு ஓட நேரம் இருக்காது.

உன் கேள்விக்கு வருகிறேன். மாமிக்கு எப்படித் தெரிந்தது? அவர் நாற்பது வருசமாக ஒவ்வொரு நாளும் அந்தப் பீலியில் குடம் வைத்தவர். நீ குழாயில் பிடிக்கிறாய். வேறு ரகசியம் இல்லை.

ஆகவே உனக்கும் ஒரு பீலி வேண்டும். பால்மாப் பேணி ஒன்று எடு, அடியும் வாயும் ஒரே அகலமாக இருக்கிற நேர்ப் பேணி. முற்றத்தில், மரமும் கூரையும் மறைக்காத இடத்தில், மட்டமாக வை. கவிழாமல் சுற்றிக் கல் வை. தினம் காலை ஒரே நேரத்தில் அடிமட்டத்தை உள்ளே விட்டு ஆழத்தைப் பார், எழுதிவிட்டுத் தண்ணீரை ஊற்று. பேணி பெரிதோ சிறிதோ பரவாயில்லை, அகலப் பேணிக்கு அகல மழை விழும், ஆழம் ஒன்றுதான். அடிமட்டத்தில் நீ காணும் மில்லிமீற்றர்தான் மழையின் மில்லிமீற்றர். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் 24 மணித்தியாலத்தில் 75ஐத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் ஆயத்தம், 150ஐத் தாண்டினால் வெளியேறு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பேணியில் நெயில்பொலிசால் மூன்று கோடு போடு. ஆனால் கோட்டை மட்டும் நம்பாதே. முதல் நாளே ஊறிப்போன மலைக்கு அதைவிடக் குறைவும் போதும். கோடு சின்னதாய்க் காட்டி மாமி போவோம் என்றால், மாமி சொல்வதைக் கேள்.

நானும் கிணற்றடியில் ஒன்று வைத்திருக்கிறேன். நேற்றுக் காலை 14, இன்று 3. பொங்கலுக்குப் பிறகு பாதை சரியானால் உங்களிடம் வரலாம் என்று அவர் சொல்கிறார். கருவாடும் எள்ளுப்பாகும் கொண்டுவருவேன். உன் முதல் வாரக் கணக்கைக் கடிதத்தில் அனுப்பு, என்னுடையதுக்குப் பக்கத்தில் எழுதி வைக்கிறேன். மாமியைக் கேட்டதாகச் சொல். பீலி இப்போது எப்படி வருகிறது என்றும் கேட்டு எழுது.

அன்புடன்,
தவமணி