கறளுக்கு மேல் கறுப்பு

கொக்குவில்,
வைகாசி, சனிக்கிழமை பின்னேரம்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. பிந்தியதற்கு ஏசாதே. போனில் சொல்லி முடிக்கிற விஷயமென்றால் அன்றைக்கே எடுத்திருப்பேன். போனில் கதைத்தால் நீ “சரி சரி, நீ பார்த்துச் செய்” என்று வைத்துவிடுவாய். இது நான் பார்த்துச் செய்கிற காரியமில்லை. கார் உன் ஐயாவினது, அந்தப் பழைய கறுப்பு ஒஸ்ரின் சொமர்செற்.

வீட்டுப் புதினம் அதிகமில்லை. இவளுக்கு முழங்கால் நோ குறைந்திருக்கிறது. உன் வளவுக் கறுத்தக்கொழும்பான் மா இந்த முறை நன்றாகக் காய்த்தது. பாதி அணிலுக்கு, மீதி எங்களுக்கு. கிணற்றடி மதிலில் ஒரு வெடிப்பு ஓடுகிறது, அதை நீ வந்து பார்த்தால் போதும்.

சரி, காருக்கு வருவோம். கோண்டாவிலில் ஒரு தம்பி ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு முழுக் காரும் அடித்துத் தருகிறான், நாலு நாள் வேலை, நல்லூர்க் கொடியேற்றத்துக்கு மகளும் மருமகனும் வரும்போது கார் மினுங்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். அந்தத் தம்பியைப் போய்ப் பார்த்தேன். கெட்ட பெடியன் இல்லை, பொய்யும் சொல்லவில்லை. “அண்ணை, இந்தக் காசுக்கு இந்த வேலைதான் வரும்” என்று முகத்துக்கு நேரே சொன்னான். அதற்காகவே எனக்கு அவனைப் பிடித்துவிட்டது.

மலிவு பெயின்ற் என்றாலே பாவம் என்று சொல்கிறவன் நான் இல்லை. என் நிசான் சன்னியை உனக்குத் தெரியும்தானே, எண்பதுகளின் தொடக்கத்துப் பெட்டிக் கார். மூன்று வருடத்துக்கு முன் அதை இதே மாதிரி ஒரு ஒழுங்கைக் கராச்சில்தான் கொடுத்தேன். கதவு ரப்பரைக் கழற்றவில்லை, கடதாசி ஒட்டி மறைத்துவிட்டு அடித்தார்கள். கைபிடியின் ஓரத்தில் இப்போது தோல் மாதிரி உரிந்து வருகிறது. பொனற்றைச் சாய்வாக நின்று பார்த்தால் தோடம்பழத் தோல்போலப் புள்ளி புள்ளிதான். பின் கண்ணாடி ரப்பரில் வெள்ளைத் தெறிப்பு இன்றைக்கும் இருக்கிறது, நான் துடைக்கப் போகவும் இல்லை. ஆனாலும் அந்தக் காசு வீணாய்ப் போனது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அது சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வருகிற கார். தகரம் உறுதியாக இருந்தது, நிறம்தான் வெளிறிப்போயிருந்தது. பழைய நிறமும் வெள்ளை, அடித்ததும் வெள்ளை. கதவைத் திறந்தால் உள்ளே வேறு நிறம் தெரியாது. வெள்ளை நிறம் எல்லாப் பிழையையும் மன்னித்துவிடும். இன்னும் நாலைந்து வருடம் அது தாங்கினால் எனக்குப் போதும். பிறகு காரும் இருக்காது, ஒருவேளை நானும் இருக்கமாட்டேன்.

உன் கார் அந்த மாதிரி இல்லை. ஏனென்று சொல்கிறேன்.

போன ஞாயிறு காலை சாக்கு ஒன்றை விரித்து அதற்குக் கீழே படுத்தேன். இந்த வயதில் கீழே படுப்பது சுகம். எழும்புவதற்குத்தான் பக்கத்து வீட்டுப் பெடியன் தேவைப்பட்டான். கையில் ஒரு திருப்புளி, பழைய ரேடியோ ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்று. இவ்வளவும் போதும். பஸ் சாலைக் களஞ்சியத்தில் முப்பது வருடம் சாமான் எண்ணிக்கொண்டு இருந்தாலும் பக்கத்துக் கொட்டிலில் தகர வேலைக்காரர் செய்வதை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அவர்கள் பெயின்றைப் பார்த்து ஒரு வாகனத்தை மதித்ததை நான் கண்டதில்லை. முதலில் தட்டுவார்கள், பிறகு குத்துவார்கள்.

நல்ல செய்தி முதலில்: சட்டகம் நல்லாயிருக்கிறது. ஒஸ்ரின் ஏ40 சொமர்செற் 1952 முதல் 1954 வரை வந்த கார். அதற்குக் கீழே லொறிக்கு இருப்பது போலத் தனிச் சட்டகம் உண்டு, உடம்பு அதன் மேல் தூக்கி வைத்ததுதான். மொறிஸ் மைனர் அப்படியில்லை. அதில் உடம்பேதான் சட்டகம், கதவடிப் படியைக் கறள் தின்றால் காரின் முதுகெலும்பைத் தின்றது போல. உன்னுடையது மைனராக இருந்திருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

கெட்ட செய்தி: டிக்கியின் அடித்தகரத்தில் இடது மூலை போய்விட்டது. திருப்புளி ஒரு அழுத்தோடு மறுபக்கம் வந்தது. பின் கதவுக்குக் கீழேயுள்ள படியிலும் இரண்டு இடம் அப்படித்தான், தட்டினால் பிஸ்கற் நொறுங்குகிற சத்தம். பின் இடது மட்காட்டில் காந்தம் ஒட்டவில்லை, வழுக்கி விழுந்தது. என்னவென்று உனக்கு விளங்கும். தகரம் இருக்க வேண்டிய இடத்தில் பட்டி, பள்ளம் நிரப்புகிற பசை. யார் எப்போது வைத்ததோ தெரியாது. வெளியில் பார்த்தால் சந்தேகமே வராது, அவ்வளவு திறமான கை.

அந்தத் தம்பியின் நாலு நாளில் இவை எதுவும் இல்லை. தேய்ப்பான், பட்டி பூசுவான், மேலே கறுப்பு அடிப்பான். பட்டி ஈரத்தைக் குடிக்கும் சாமான். பின்னாலிருந்து கறள் வழியே ஈரம் ஏறினால் இரண்டு மாரி போக முன்பே கொப்புளம் கிளம்பும். கொடியேற்றத்துக்குக் கார் மினுங்கும், அதில் சந்தேகமில்லை. அடுத்த வருடக் கொடியேற்றத்துக்கு என்னவென்பதுதான் கேள்வி.

அப்புறம் நிறம். கறுப்பை மலிவாக அடிக்க முடியாது, மச்சான். சன்னியில் வெள்ளை மன்னித்ததையெல்லாம் கறுப்பு ஊருக்குக் காட்டிக்கொடுக்கும். தகரத்தில் ஒரு மெல்லிய அலை இருந்தால் வெயிலில் அது கண்ணாடிபோலத் தெரியும். அதுவும் சொமர்செற்றுக்கு எங்கே தட்டையான இடம்? எல்லாம் பூசணிக்காய் வளைவு. அதைக் கையால் ஒழுங்காக அரத்தாள் போட்டுத் தேய்ப்பதற்கே ஒரு கிழமைக்கு மேல் வேண்டும். பெயின்ற் வேலையில் பெரிய செலவு பெயின்ற் இல்லை, தேய்க்கிற கைதான். மலிவு என்றால் தேய்ப்பதில் குறைத்திருக்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

இன்னொன்றும் செய்து பார்த்தேன். தின்னரில் தோய்த்த துணியால் கதவின் உட்பக்கத்தில் ஒரு மூலையை உரசினேன். துணி கறுத்துவிட்டது. அதாவது அது பழைய என்.சி. (நைற்றோசெலுலோஸ்) பெயின்ற், தின்னர் பட்டால் எத்தனை வருடத்துக்குப் பிறகும் கரையும். இப்போது எல்லோரும் அடிப்பது டூ கே, பெயின்றோடு ‘கடினமாக்கி’ என்ற இரண்டாவது திரவத்தையும் கலந்து அடிக்கிற இனம். அதை என்.சி.க்கு மேல் நேரே அடித்தால் கீழேயுள்ளது ஊறிச் சுருங்கி எழும்பும், பால் ஆடைபோல. நடுவில் தடுப்புப் பூச்சு போட வேண்டும், அல்லது பழையதை முழுக்க உரித்துவிட வேண்டும். டிக்கி ஓரத்தில் உடைந்த இடத்தில் எண்ணினேன்: கறுப்பு, சாம்பல், நீலம், திரும்பக் கறுப்பு, கீழே சிவப்பு. நீலம் எப்போது இருந்தது? எனக்கு நினைவில்லை, உனக்கு நினைவிருந்தால் எழுது. இவ்வளவு தடிப்புக்கு மேல் இன்னொரு தடிப்பு ஏற்றினால் மயிர்வெடிப்பு வரும். அந்தத் தம்பியிடம் கேட்டேன், தடுப்புப் பூச்சு அந்தக் காசுக்குள் இல்லை என்றான். டூ கே அடிக்கும்போது முகத்துக்கு ஒரு கைக்குட்டைதான் கட்டுகிறான். அதிலுள்ள ஐசோசயனேற்று நெஞ்சுக்குள் போனால் இழுப்பு வரும் என்று சொன்னேன். சிரித்தான். நீ வரும்போது அவனுக்கு ஒரு நல்ல முகமூடி கொண்டுவந்து கொடு, வேலை கொடுக்காவிட்டாலும்.

பருவத்தையும் யோசி. இப்போது சோளகக் காற்று கிளம்பிவிட்டது. கோண்டாவில் செம்மண் எப்படியென்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. அவன் அடிக்கிற இடம் கிடுகுக் கொட்டில், மூன்று பக்கம் திறந்தது. ஈரப் பெயின்றில் விழுகிற தூளைப் பிறகு தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். மாரிக்குத் தள்ளினால் அதுவும் சரிவராது. ஈரக் காற்றில் என்.சி. அடித்தால் தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து ஈரத்தை இழுத்துப் பால்போலப் பூத்துவிடும். எங்கள் ஊரில் கார் அடிக்கத் தை, மாசி, பங்குனிதான்.

நீ விற்கிற எண்ணத்தையும் ஒரு வரியில் ஒளித்து எழுதியிருந்தாய். கண்டேன். 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு ஓடுகிற இரும்புக்கெல்லாம் தங்க விலை வந்தது. 2025 மாசியில் திரும்பத் திறந்தும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதுக் கார் எட்டாத உயரம்தான். ஆனால் சொமர்செற் வாங்க வருகிறவன் அதற்காக வருவதில்லை. அவன் வந்தவுடன் சட்டைப் பையிலிருந்து எடுப்பது காசில்லை, காந்தம். புதுக் கறுப்பு மினுங்கினால் அவனுக்குச் சந்தேகம்தான் கூடும். வெளிறிய பழைய பெயின்ற் அவனுக்கு நம்பிக்கை.

என் யோசனை இது. அந்த ஒரு லட்சத்து முப்பதை நிறத்தில் போடாதே. டிக்கி அடியையும் படியையும் அழுகினது வரை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்து ஒட்டுவோம். மட்காட்டில் உள்ள பட்டியைக் கிளறினால் என்ன வருமென்று சொல்ல முடியாது, அதற்குக் கொஞ்சம் காசைத் தனியாக ஒதுக்கி வை. அடிப்பக்கம் முழுக்கக் கம்பித் தூரிகையால் சுரண்டிக் கறள்தடுப்பும், அதற்கு மேல் தார் மாதிரிப் பூச்சும். நான் கேட்டவரை எல்லாமாக ஒரு லட்சத்துக்குள் அடங்கும். வெல்டிங் செய்கிறவர் வயதானவர், மெதுவாகத்தான் செய்வார், ஆனால் பட்டியைத் தகரம் என்று விற்கமாட்டார்.

மேல்பக்கத்துக்கு மெருகு மட்டும். என்.சி.க்கு இருக்கிற ஒரு நல்ல குணம், செத்ததுபோலக் கிடந்தாலும் தேய்த்தால் எழும்பும். நம்ப மாட்டாய் என்று பொனற்றின் வலது பாதியை மட்டும் செய்து பார்த்தேன். ஆயிரத்து ஐந்நூறாம் நம்பர் அரத்தாளைத் தண்ணீரோடு மெதுவாக, பிறகு இரண்டாயிரம், பிறகு மெருகுப் பசை, பழைய பனியன் துணி. இரண்டு மணித்தியாலம் பிடித்தது. வேப்பமரம் அதில் தெரிந்தது, கிளை கிளையாக. இவள் தேத்தண்ணீர் கொண்டு வந்தவள், தன் முகத்தை அதில் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டு போனாள். இடது பாதி இன்னும் சாம்பல்தான். ஓரங்களில் மட்டும் கவனம், அங்கே பெயின்ற் மெலிது, ஒரு தேய்ப்புக் கூடினால் சிவப்பு தெரிந்துவிடும். மட்காட் ஒன்றை மட்டும் பிறகு தையில் தனியாக அடிக்கலாம்.

இன்னும் ஒன்று. வலது பின் கதவில் ஒரு பள்ளம் இருக்கிறது, உள்ளங்கை அளவு. அந்தத் தம்பி முதலில் கைவைத்துக் காட்டியது அதைத்தான், “இதை நிரப்பிவிடலாம் அண்ணை” என்று. 1995 ஐப்பசி கடைசியில் ஊரோடு இடம்பெயர்ந்து நாவற்குழிப் பக்கம் மழைக்குள் நின்றோமே, மாட்டுவண்டியின் அச்சு உரசியது அப்போதுதான். உள்ளே உன் அம்மாவும் என் அம்மாவும் கைக்குழந்தையோடு என் தங்கையும். பெற்றோல் கிடைக்காத காலம், கார் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு நின்றது. ஒருமுறை நின்றுவிட்டால் திரும்பக் கிளப்பக் காபரேற்றருக்குள் விட நாலு சொட்டுப் பெற்றோல் வேண்டும், சின்னப் போத்தலில் அது முடியப்போகிறது என்று உன் ஐயா எஞ்சினை நிறுத்தவே விடவில்லை. வண்டிக்காரன் இறங்கிவந்து மன்னிப்புக் கேட்டான். ஐயா கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, “மாடு பயந்துபோச்சு, அதைப் பார்” என்றார். திரும்பி வந்த பிறகும் அவர் அதைத் தட்டி எடுக்கவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. நிரப்புவதா விடுவதா என்பதை நீ சொல். நான் அந்தத் தம்பிக்குப் பதில் சொல்லவில்லை.

நீ லண்டனிலிருந்து வருவதால் ஒரு உதவி. அங்கே பழைய ஒஸ்ரின்களுக்கென்றே உதிரிப்பாகம் வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். டிக்கி ரப்பரும் முன் கண்ணாடி ரப்பரும் கொண்டுவா. தண்ணீர் இறங்கியதே அந்த வெடித்த ரப்பர் வழியாகத்தான். அதை மாற்றாமல் புதுத் தகரம் வைத்தால் இன்னொரு பத்து வருடத்தில் வேறு யாராவது சாக்கு விரிக்க வேண்டும். வாங்க முன் ‘சொமர்செற்’ என்று இரண்டு தரம் சொல்லிக் கேள், அதற்கு முன்வந்த டெவனும் ஏ40தான், மாறித் தந்துவிடுவார்கள். ரப்பரின் வெட்டுமுகத்தைக் கடிதத்தின் பின்பக்கத்தில் கீறியிருக்கிறேன், அளவு மில்லிமீற்றரில்.

வெல்டிங்காரர் ஆனி முதல் கிழமை வரச் சொன்னார். அதற்கு முன் உன் பதில் வேண்டும். பின் பம்பரையும் விளக்குகளையும் நானே கழற்றிவிட்டேன், கூலி மிச்சம். பம்பர் எங்கள் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. இவள் காலில் இரண்டு தரம் இடித்துவிட்டாள், கெதியாக எழுது.

உன் பழைய கூட்டாளி