பல் இல்லாமல் மலையேறும் ரயில்

அன்புள்ள முருகேசு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். முழங்கால் வலிக்கு எண்ணெய்க் கட்டு போட்டதாக எழுதியிருந்தாயே, கேட்கிறதா?

நான் ஜூரிச்சில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன வாரம் இங்கே சுவிட்சர்லாந்தில் செயின்ட் மோரிட்ஸிலிருந்து இத்தாலி எல்லைக்குள் இருக்கும் திரானோ வரை பெர்னினா ரயிலில் போய்வந்தோம். வழி நெடுக உன் ஞாபகம்தான். குன்னூர் ஷெட்டில் உன் கைபட்ட, ஊட்டி ரயிலின் பழைய எக்ஸ் கிளாஸ் நீராவி இன்ஜின்கள் பிறந்த வின்டர்தூர் ஊர், மகள் வீட்டிலிருந்து அரை மணி நேரம்கூட இல்லை.

பெர்னினா ரயிலும் நம் ஊட்டி ரயில்போல மீட்டர் கேஜ்தான், இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஒரு மீட்டர். ஆனால் இன்ஜினின் பற்சக்கரம் கடித்து ஏற, நடுவில் பல் தண்டவாளம் கிடையாது! கல்லாறு தாண்டியதும் நமக்குப் பல்லைப் பிடித்துக்கொண்டுதானே ஏற வேண்டும். இங்கே ஆயிரம் மீட்டர் போனால் 70 மீட்டர் ஏற்றம், அதாவது ஏறக்குறைய 14-க்கு 1. வெறும் சக்கரத்தின் பிடிமானத்திலேயே ஏறுகிறது. 1908-லிருந்து 1910-க்குள் பகுதி பகுதியாகத் திறந்த பாதை, ஆரம்பத்திலிருந்தே மின்சாரம். உச்சியில் இருக்கும் ஒஸ்பிட்சியோ பெர்னினா ஸ்டேஷன் 2,253 மீட்டர். அங்கிருந்து திரானோவுக்குச் சுமார் 38 கிலோமீட்டர்தான், அதற்குள் 1,800 மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறது.

பெரிய கண்ணாடி வைத்த சுற்றுலா ரயில் ஒன்று இருக்கிறது. நாங்கள் அதில் போகவில்லை. அதே தண்டவாளத்தில் போகும் சாதாரண ரயிலில் ஏறினோம். அதுதான் சரி என்பேன். எங்கள் பெட்டியில் ஜன்னலைக் கீழே இறக்க முடிந்தது. பனிச்சறுக்குப் பலகைகளோடு பிள்ளைகள் ஏறினார்கள், மார்க்கெட் பையோடு ஒரு பாட்டி ஏறினார். மலை ஜனங்கள் பிழைப்புக்குப் போய்வரும் ரயில் என்று அதில்தான் தெரிகிறது.

உச்சியில் லாகோ பியாங்கோ ஏரி. பிப்ரவரியில் ஏரி எது, கரை எது என்று சொல்ல முடியாது, எல்லாம் ஒரே வெள்ளை. பக்கத்திலேயே சின்னதாக இன்னொரு ஏரி. அதன் தண்ணீர் டான்யூப் வழியாகக் கருங்கடலுக்குப் போகிறது, லாகோ பியாங்கோவின் தண்ணீர் ஏட்ரியாட்டிக் கடலுக்கு. நடுவில் இருப்பது நடந்தே போய்விடும் தூரம். இதை யோசித்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டேன்.

அப்புறம் ஆல்ப் க்ரூம் ஸ்டேஷன். அங்கே இறங்கி அடுத்த ரயில் வரும்வரை நின்றோம். எதிரே பாலு பனியாறு, வருஷாவருஷம் சுருங்கி மேலே போய்க்கொண்டிருக்கிறதாம். பார்க்க மனசு கனத்தது. நாங்கள் வந்த சிவப்பு ரயில் வளைந்து, கீழே வேறொரு மடிப்பில் தெரிந்து, மறுபடி மறைந்து, இன்னும் கீழே எதிர்த்திசையில் போனது. சக்கரம் வளைவில் உரசும் கிறீச் சத்தம் மட்டும் மேலே வந்துகொண்டிருந்தது. ஏற்றத்தைத் தாங்குகிற அளவில் வைத்துக்கொள்ளத்தான் இத்தனை வளைவும். மலையோடு மல்லுக்கு நிற்காமல் சுற்றிச் சுற்றி இறங்குகிறார்கள்.

போஸ்கியாவோ வந்தால் இத்தாலியப் பேச்சு. பனி குறைந்து, தோட்டங்கள் தலைகாட்டின. புரூசியோவில் ஒன்பது ஆர்ச் வளைவுகள் கொண்ட கல் பாலம். ரயில் அதன்மேல் போய், வட்டமடித்து, அதே பாலத்துக்கு அடியில் புகுந்து வெளியே வருகிறது. மலைப்பக்கம் குடைய இடமில்லாமல் திறந்தவெளியிலேயே சுற்றிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். திரானோவில் தெரு நடுவிலேயே, கார்களை நிறுத்திவிட்டு ரயில் போகிறது.

அடுத்த குளிர்காலத்தில் நீயும் அண்ணியும் கட்டாயம் வர வேண்டும். ஸ்டேஷனில் படிக்கட்டு அதிகம் இல்லை, முழங்காலுக்குப் பயப்படாதே. தடிமனான சாக்ஸ் மட்டும் கொண்டு வா, மற்றது இங்கே இருக்கிறது.

ஒரு சந்தேகம். தண்டவாளம் ஈரமாக இருந்தால் சக்கரம் வழுக்காமல் மணல் தூவுவீர்களே, இவ்வளவு பனியில் அந்த மணல் கட்டிபிடித்துக்கொள்ளாதா? இங்கே யாரிடமும் கேட்க பாஷை வரவில்லை. பதிலில் விவரமாக எழுது.

அன்புடன்,
சுந்தரம்