ஒயர் எரிக்கிறது பத்தி பெற்றோருக்கு ஒரு கடிதம்

பெற்றோர் எல்லாருக்கும் வணக்கம்.

வழக்கமா இந்த குரூப்ல லீவு, பரீட்சை தேதி மட்டும்தான் போடுவேன். இன்னிக்கு கொஞ்சம் நீளமா எழுதுறேன், வேலை முடிஞ்சு ராத்திரி உக்காந்தாவது முழுசா படிச்சிருங்க, வாசிக்க சிரமமா இருந்தா பிள்ளையவே சத்தமா வாசிக்க சொல்லுங்க.

போன வாரம் சாயங்காலம் காம்பவுண்டு சுவருக்கு பின்னாடி வேலிக்கருவை ஓரமா கருப்பு புகை. போய் பார்த்தா நம்ம ஏழாவது, எட்டாவது பசங்க நாலஞ்சு பேரு பழைய ஒயரை குவிச்சு போட்டு எரிச்சிட்டு இருக்காங்க, உள்ள இருக்கிற செம்புக்கம்பிய எடுத்து பழைய இரும்புக்கடையில போடத்தான். பேரு சொல்ல மாட்டேன், நான் அடிக்கவும் இல்ல. ஆனா ஒரு பையன் கை முழுக்க கரியோட, அதே கையால பாக்கெட்ல இருந்து கடலைமிட்டாய் எடுத்து கடிச்சான் பாருங்க, அதுல இருந்து எனக்கு சரியா தூக்கமே வரல.

ஏன்னா ஒயர் மேல இருக்கிற உறை பிவிசி பிளாஸ்டிக். அதை தயாரிக்கும்போது சூட்டுக்கு தாங்காம கெட்டுப்போய் ஆசிட் புகை விடும், அப்படி ஆகாம இருக்க ஸ்டெபிலைசர்னு ஒண்ணு கலப்பாங்க, ரொம்ப காலமா அதுக்கு மலிவா கிடைச்சது ஈய உப்புதான். ஈயம்னதும் ரசம் வைக்கிற ஈயச்சொம்ப நினைச்சுக்காதீங்க, அது வெள்ளீயம், நான் சொல்றது காரீயம், பேட்டரியில இருக்கிறது. இது மட்டும் இல்ல, பளிச்சுன்னு மஞ்சளா தெரிய லெட் குரோமேட்ங்கிற ஈயச் சாயம், சிவப்பு ஆரஞ்சுக்கு காட்மியம், டிவி கம்ப்யூட்டர் பெட்டி சீக்கிரம் தீப்பிடிக்காம இருக்க ஆன்டிமனின்னு பிளாஸ்டிக்குள்ள உலோகம் கலக்குறது பல வருஷமா நடக்குது.

பிளாஸ்டிக் எரிஞ்சு புகையா போயிரும், ஈயம் போகாது. அது ஒரு தனிமம், தனிமத்தை எரிச்சு இல்லாம ஆக்க முடியாதுன்னு நம்ம பிள்ளைங்களுக்கு நானே பாடம் நடத்தியிருக்கேன். கொஞ்சம் புகையோட தூசியா பறக்கும், மிச்சம் சாம்பல்ல நிக்கும், மழை பெஞ்சா அந்த சாம்பல் மண்ணுலயும் குளத்துலயும் கலந்துரும், மேல்மண்ணுல சேர்ந்த ஈயம் பல பத்து வருஷத்துக்கு அங்கயேதான் கிடக்கும், அதே மண்ணுலதான் நம்ம பிள்ளைங்க கபடி விளையாடுதுங்க, ஆடு மேயுது. உத்தரப்பிரதேசத்துல மொராதாபாத்ல ராமகங்கா ஆத்தங்கரை பூரா இப்படி ஈ-வேஸ்ட், அதாவது பழைய எலக்ட்ரானிக் சாமான் எரிச்ச கருப்பு சாம்பல் குவிஞ்சு விஷயம் சுற்றுச்சூழல் வழக்க விசாரிக்கிற பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு. அங்கயும் இந்த செம்பு ஆசையிலதான் ஆரம்பிச்சுது.

உடம்புக்குள்ள போற ஈயத்துக்கு பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு இல்லவே இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பெரியவங்கள விட சின்ன பிள்ளைங்க உடம்பு நாலஞ்சு மடங்கு கூட இழுத்துக்கும். மூளை வளர்ச்சி, ஞாபகம், கவனம் எல்லாத்தையும் அது கெடுக்கும், ரத்தசோகையும் வரும், வெளிய ஒரு அறிகுறியும் தெரியாமலே நடக்கும். உலகத்துல மூணுல ஒரு பிள்ளை, அதாவது 80 கோடி பிள்ளைங்க ரத்தத்துல கவலைப்படுற அளவுக்கு ஈயம் இருக்குன்னு 2020ல யுனிசெஃப் சொல்லுச்சு. படிப்பு ஏறாத பிள்ளை எல்லாத்துக்கும் இதுதான் காரணம்னு நான் சொல்ல வரல, ஆனா நம்மளால தடுக்க முடிஞ்ச ஒண்ண தடுக்காம விட்டோம்னா அத என்னால தாங்கிக்க முடியாது.

எரிக்காத ஒயருக்கு கடையில கம்மி விலைன்னுதான் பசங்க எரிக்கிறாங்க, அது எனக்கும் தெரியும். வீட்டு கஷ்டத்துக்கு உதவுற பிள்ளைங்க மேல எனக்கு கோவமே இல்ல. அதனால நானே கடைக்காரர்கிட்ட போய் பேசினேன், எரிச்ச கம்பிய இனி வாங்க மாட்டேன், ஒயராவே நியாயமான விலைக்கு எடுத்துக்கிறேன்னு ஒத்துக்கிட்டாரு. வீட்ல பழைய ஒயர், சார்ஜர், உடைஞ்ச ரேடியோ இருந்தா அப்படியே அவர்கிட்ட குடுங்க. குப்பையோட பிளாஸ்டிக் பைய கொளுத்துறதையும் விட்ருங்க, அடுப்பு பத்த வைக்க பிளாஸ்டிக் துண்டு போடுறது அத விட மோசம், சோத்துக்கு பக்கத்துலயே அந்த புகை.

திருவிழா கடையில பொம்மை வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை இருக்கான்னு பாருங்க, 2021 ஜனவரியில இருந்து அது கட்டாயம். கைக்குழந்தை வாயில வெக்கிற பொம்மைன்னா கண்டிப்பா பாக்கணும். பிவிசி தண்ணி பைப்புலயும் இதே ஈய ஸ்டெபிலைசர் உண்டு, அது கலக்குறதுக்கு கட்டுப்பாடு வெச்சு மத்திய அரசு 2021ல விதி போட்டுச்சு, ஆனா நம்ம ஸ்கூல் பைப் அதுக்கு முந்தின காலத்துது, மாத்தி தர சொல்லி மனு எழுதியிருக்கேன். அது வர்ற வரைக்கும் திங்கக்கிழமை காலையில குழாய்ல முதல்ல வர்ற தண்ணிய செடிக்கு விட்டுட்டு அப்புறம்தான் குடிக்க பிடிக்கிறோம், வீட்லயும் ராத்திரி பூரா பைப்புல நின்ன தண்ணிய அப்படி பண்ணுங்க.

பிள்ளைய வெறும் வயித்தோட அனுப்பாதீங்க. இரும்புச்சத்தும் கால்சியமும் உடம்புல நல்லா இருந்தா ஈயம் கம்மியாத்தான் ஏறும், முருங்கைக்கீரை, கேழ்வரகு குடுங்க, சத்துணவு முட்டைய மிச்சம் வைக்காம சாப்பிட சொல்லுங்க. சாப்பிடுறதுக்கு முன்னாடி சோப்பு போட்டு கை கழுவணும், வெறும் தண்ணியில கழுவுனா அந்த கரி போகாது, நான் பாத்துட்டேன்.

எரிச்ச இடத்து சாம்பல யாரும் கூட்டி அள்ள வேணாம், தூசி பறக்கும். தண்ணி தெளிச்சு நனைச்சு, சாக்குல கட்டி, பிள்ளைங்க போகாத இடத்துல வெச்சிருக்கோம், எங்க குடுக்கணும்னு மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதி கேட்டிருக்கேன். அந்த பசங்களோட அப்பா அம்மா மட்டும் சனிக்கிழமை பத்து மணிக்கு ஸ்கூலுக்கு வாங்க, ரத்தத்துல ஈயம் பாக்குற டெஸ்ட் எங்க எடுக்கலாம்னு டாக்டர்கிட்ட கேட்டு வெச்சிருக்கேன், நானும் கூட வர்றேன்.

இப்படிக்கு,
உங்கள் தலைமையாசிரியை